திரும்பி வந்தவர்கள்: 'க்ளனாட்' விளையாட்டின் முடிவு குறித்து

கணனி விளையாட்டொன்றை ஓர் இலக்கியச் சஞ்சிகையில் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பையும் வேறு சிலருக்கு எரிச்சலையும் தரக்கூடும். அதுவும் 'டேட்டிங் சிமுலேஷன்' என்ற வகைக்குள் வைத்துப் பேசப்படும் விளையாட்டு. பாடசாலை மாணவன் ஒருவன் நாலைந்து மாணவிகளில் ஒருத்தியைத் தெரிவு செய்து காதலிப்பதை நாம் பொத்தானை அழுத்தி நடத்தி வைக்கும் வகை. இதில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்று கேட்போரின் சந்தேகம் நியாயமானதே. எனினும் இந்த வகைக்குள்ளிருந்து, ஒரு நாவலுக்குரிய கனத்தோடு தந்தையையும் மகனையும், உழைப்பையும் வறுமையையும், மரணத்தையும் பேசிய படைப்பொன்று வந்திருக்கிறது. தான் கட்டியெழுப்பிய அனைத்தையும் கடைசி அரை மணித்தியாலத்தில் அதுவே தளர்த்திவிடுகிறது. இவ்விரண்டும் ஒரே படைப்பில் நிகழ்ந்திருப்பதால்தான் அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கதையின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானின் 'கீ' என்ற நிறுவனம் 2004 ஏப்ரலில் வெளியிட்ட 'க்ளனாட்' தான் அந்தப் படைப்பு. பிரதான கதாசிரியர் ஜுன் மயெடா. ஐரிஷ் மொழியில் குடும்பத்தைக் குறிக்கும் சொல் 'க்ளன்'. 'க்ளனாட்' அயர்லாந்து இசைக்குழுவொன்றின் பெயர். அச்சொல்லே குடும்பத்தைக் குறிக்கும் என்று எண்ணி மயெடா இப்பெயரைச் சூட்டினார். பெயர் பிசகினாலும் நோக்கம் பிசகவில்லை. இது குடும்பம் பற்றிய படைப்புத்தான். நான் வாசித்தது 2015இல் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பை. 'வாசித்தது' என்றே சொல்கிறேன். ஏனெனில் இதில் ஓடுவதோ சுடுவதோ கிடையாது. திரையில் படம் ஒன்று நிற்கும், இசை ஒலிக்கும், கீழே எழுத்து நகரும். இடையிடையே இரண்டு மூன்று தெரிவுகள் வரும். நாம் எதைத் தெரிவு செய்கிறோமோ அதன்படி கதை கிளை பிரியும். இவ்வகையைக் 'காட்சி நாவல்' என்று தனியாகப் பிரித்துப் பேசுவோர் உண்டு. ஆனால் காதலியைத் தெரிவு செய்து, அவளது கதையின் முடிவை அடைவது என்ற அடிப்படை ஏற்பாடு டேட்டிங் சிமுலேஷனிலிருந்து வந்ததுதான்.

அந்த ஏற்பாட்டில் 'முடிவு' என்றால் என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இவ்வகையைப் பரவலாக்கிய முன்னோடி, கொனாமி நிறுவனம் 1994இல் வெளியிட்ட 'டொகிமெகி மெமோரியல்'. உயர்தரப் பாடசாலையின் மூன்றாண்டு காலத்தை ஆடுபவன் திட்டமிட்டுச் செலவிடுகிறான். எத்தனை நாள் படிப்பது, எத்தனை நாள் உடற்பயிற்சி செய்வது, விடுமுறை நாளில் யாரை எங்கே அழைத்துச் செல்வது என்று ஒவ்வொன்றையும் தீர்மானிக்கிறான். புறக்கணிக்கப்பட்ட பெண்ணின் மனக்கசப்பு வெடித்து மற்றப் பெண்களிடமும் அவன் பெயரைக் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தால், பட்டமளிப்பு நாளன்று பாடசாலை வளவிலுள்ள பெருமரத்தின் கீழ் அவள் வந்து தன் காதலைச் சொல்வாள். அந்த மரத்தடியில் இணைந்தோர் என்றென்றும் மகிழ்ந்திருப்பார்கள் என்பது அப்பாடசாலையின் ஐதீகம். அத்தோடு விளையாட்டு முடிந்தது. இங்கே முடிவு என்பது பரீட்சைப் பெறுபேறு போன்றது. உழைத்தவனுக்குப் பரிசு கிடைக்கிறது. மரத்தடிக்கு அப்பால் அந்த இருவருக்கும் என்ன வாழ்க்கை என்ற கேள்வியை அது கேட்பதில்லை, கேட்க வேண்டிய கடப்பாடும் அதற்கில்லை.

'க்ளனாட்' இந்தக் கேள்வியைக் கேட்டது என்பதே அதன் முதன்மையான சாதனை என்பேன். அந்நிறுவனத்தின் முந்திய படைப்புகளான 'கனொன்' (1999), 'ஏர்' (2000) ஆகிய இரண்டும் வயது வந்தோருக்கான காட்சிகளோடு வெளிவந்தவை. அக்காலத்துச் சந்தை அதையே எதிர்பார்த்தது. 'க்ளனாட்'டில் அத்தகைய காட்சி எதுவுமில்லை, எல்லா வயதினருக்குமானதாகவே அது வெளியிடப்பட்டது. கவர்ச்சியை எடுத்துவிட்டால் இந்த வகையில் என்ன மிஞ்சும் என்று கேட்டவர்களுக்கு இப்படைப்பின் பெரும்பகுதி நல்ல பதிலாக அமைந்தது.

கதையின் நாயகன் டொமோயா ஒகசாகி. தாய் விபத்தில் இறந்துவிட்டாள். தந்தை நவோயுகி குடியிலும் சூதிலும் மூழ்கியவர். ஒரு நாள் சண்டையில் மகனின் தோள் காயப்பட்டு, அவன் உயிராக நேசித்த கூடைப்பந்தாட்டம் அத்தோடு போய்விடுகிறது. அதன் பிறகு தந்தை செய்வதுதான் கொடுமை. அவர் அடிப்பதில்லை, ஏசுவதுமில்லை. மகனை ஓர் அந்நியனைப் போல மரியாதையாக நடத்தத் தொடங்குகிறார். பெற்ற தகப்பன் திடீரென்று மகனை 'வாருங்கள், இருங்கள்' என்று பேசத் தொடங்கினால் அந்த வீட்டில் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஜப்பானிய மொழியின் மரியாதை விகுதி ஒன்றை வைத்துக்கொண்டு மயெடா இதைச் சாதித்திருக்கிறார். இரவில் வீட்டுக்குப் போக விரும்பாமல் அந்தப் பையன் தெருக்களில் சுற்றித் திரிவதன் காரணம் நமக்கு உடனே விளங்கிவிடுகிறது.

பாடசாலைக்குச் செல்லும் மேட்டுப் பாதையின் அடியில் அவன் நகிசா ஃபுருகாவாவைக் காண்கிறான். நோய் காரணமாக ஒரு வருடத்தை இழந்து, சக மாணவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்ட பாடசாலைக்கு மீண்டும் வந்து, மேட்டில் ஏறத் தயங்கி நிற்பவள். தனக்குப் பிடித்த தின்பண்டத்தின் பெயரைச் சொல்லித் தன்னைத் தானே தைரியப்படுத்திக் கொள்பவள். அவளது பெற்றோர் அகியோவும் சனாயேயும் பேக்கரி நடத்துகிறார்கள். மகள் சிறு வயதில் காய்ச்சலோடு தனித்து விடப்பட்டு, பனியில் விழுந்து சாவின் விளிம்புக்குப் போன நாளிலிருந்து, அகியோ தன் நாடகத் தொழிலையும் சனாயே ஆசிரியத் தொழிலையும் கைவிட்டு அவளோடு வீட்டிலேயே இருக்கத் தீர்மானித்தவர்கள். மகனைக் கைவிட்டதாகத் தோன்றும் ஒரு தந்தை ஒரு புறம், மகளுக்காகத் தம்மையே கைவிட்ட பெற்றோர் மறுபுறம். இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையில் டொமோயா நடந்து போய் வருவதுதான் முதற்பாகம்.

காதல் சொல்லப்பட்ட பிறகு, இவ்வகையின் ஏனைய படைப்புகள் திரை மூடும் இடத்தில், 'க்ளனாட்' தன் இரண்டாம் பாகத்தைத் தொடங்குகிறது. டொமோயா மின்னிணைப்பு வேலைக்குச் சேர்கிறான். யோஷினோ என்ற மூத்த தொழிலாளியின் கீழ் வேலை பழகுகிறான். முதல் நாட்களின் உடல் நோவு, தன் பிழையை இன்னொருவர் திருத்தும்போது ஏற்படும் கூச்சம், சிறிய வாடகை அறை எல்லாம் விபரமாக வருகின்றன. நல்ல வேலை ஒன்று கைக்கு எட்டும் வேளையில் தந்தை கைது செய்யப்பட்ட செய்தி பரவி அது கைநழுவிப் போகிறது. நகிசாவைத் திருமணம் செய்ய அனுமதி கேட்கும்போது, தான் எறியும் பந்தை அடித்துக் காட்டு என்கிறார் அகியோ. தோள் பழுதான பையன் நாட்கணக்கில் பயிற்சி எடுக்கிறான். வேலை, கூலி, மாமனார், வாடகை வீடு என்று ஒரு டேட்டிங் சிமுலேஷன் பேசும் என்று யார்தான் எதிர்பார்த்திருப்பார்கள்?

பிறகு பனி கொட்டும் ஒரு நாளில் நகிசா பிரசவத்தில் இறந்துபோகிறாள். குழந்தை உஷியோ பிழைக்கிறாள். டொமோயா அவளைப் பார்க்கவும் துணியாமல் மாமா மாமியிடம் விட்டுவிட்டு, வேலையிலும் குடியிலும் சூதிலும் தன்னை மறக்கிறான். ஐந்து வருடங்கள் கழிகின்றன. அவன் எந்தத் தந்தையை வெறுத்தானோ அந்தத் தந்தையாகவே அவன் ஆகிவிட்டான் என்பதைக் கதை ஓரிடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாமாகவே கண்டுகொள்கிறோம்.

சனாயே சூழ்ச்சி செய்து தகப்பனையும் மகளையும் தனியே ஒரு பயணம் அனுப்பி வைக்கிறாள். பூக்கள் நிறைந்த வெளி ஒன்றில், அப்பா முதன்முதலாக வாங்கிக் கொடுத்த பொம்மை ரோபோவைக் குழந்தை தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டேயிருக்கிறாள். அதே இடத்தில் டொமோயா தன் பாட்டி ஷினோவைச் சந்திக்கிறான். மனைவியை இழந்த நவோயுகி, சிறுவனான டொமோயாவின் கையைப் பிடித்துக்கொண்டு இதே இடத்தில் நின்றதையும், இவனைத் தனியாகவே வளர்ப்பேன் என்று உறுதி பூண்டதையும், வறுமையிலும் பொம்மையும் இனிப்பும் வாங்கிக் கொடுத்ததையும், அந்த முயற்சியிலேயே உடைந்துபோனதையும் அவள் சொல்கிறாள். டொமோயா திரும்பிச் சென்று மகளைக் கட்டியணைக்கிறான். அழுவதற்குரிய இடங்கள் குளியலறையும் அப்பாவின் மடியும்தான் என்று பாட்டி சொல்லித் தந்ததை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் அழுகையை அடக்கியிருந்த குழந்தை அப்போதுதான் அழுகிறாள். பின்னர் டொமோயா தந்தையிடம் போகிறான். பொறுப்பை முடித்துவிட்டீர்கள், இனி ஓய்வெடுங்கள் என்ற கருத்தில் பேசி அவரை ஊருக்கு வழியனுப்பி வைக்கிறான்.

எனது கணிப்பில் 'க்ளனாட்' இங்கே முழுமை பெற்றுவிடுகிறது. மூன்று தலைமுறையினரின் காயம் ஒரே வெளியில் வைத்து ஆற்றப்படுகிறது. இறந்தவள் திரும்பவில்லை. ஆனால் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். இந்தப் பகுதியைத் தேர்ந்த ஒரு நாவலாசிரியரின் எழுத்தோடு ஒப்பிட எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. உஷியோவுக்குத் தாயின் நோயே வருகிறது. வேலையை விட்டுவிட்டு டொமோயா அவளைப் பராமரிக்கிறான். மீண்டும் ஒரு பயணம் போகலாம் என்று அவள் கேட்க, பனியில் இறங்கி நடக்கிறார்கள். அவன் கைகளிலேயே அவள் இறந்துபோகிறாள்.

அதன் பின் நிகழ்வதுதான் பிரச்சினைக்குரிய முடிவு. கதை நெடுகிலும் இடையிடையே வேறோர் உலகம் காட்டப்படுகிறது. எவருமற்ற வெளியில் ஒரு சிறுமியும், பழைய பொருட்களால் அவள் செய்த ஒரு ரோபோவும். அந்தச் சிறுமி உஷியோ, அந்த ரோபோ டொமோயா என்பது கடைசியில் புலனாகிறது. ஊரில் யாராவது ஒருவரின் ஆழ்ந்த விருப்பம் நிறைவேறும்போது ஓர் ஒளித்துளி தோன்றுமென்றும், அவை சேர்ந்தால் ஒரு வேண்டுதல் பலிக்குமென்றும் ஓர் ஐதீகம். ஆடுபவர் ஏனைய பாத்திரங்களின் கிளைக்கதைகளை முடித்து அந்த ஒளிகளைச் சேர்த்திருந்தால், டொமோயா மீண்டும் அந்த மேட்டுப் பாதையில் நிற்கிறான். அவளைச் சந்திக்காமலே இருந்திருந்தால் இத்தனை துயரமும் இல்லையே என்று தயங்கியவன், முடிவில் அவளைக் கூப்பிடுகிறான். உடனே காட்சி பிரசவ நாளுக்குத் திரும்புகிறது. நகிசா சாகவில்லை. உஷியோவும் நோயின்றி வளர்கிறாள். பூ வெளியும், பனிப் பாதையும், ஐந்து வருடங்களும் நிகழாதவை ஆகிவிடுகின்றன.

இந்த முடிவுக்கு எதிராக வழமையாகச் சொல்லப்படுவது 'இது நம்பும்படியாக இல்லை' என்பது. அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒளித்துளிகளும் மறுவுலகமும் ஆரம்பத்திலேயே வந்துவிடுகின்றன. கட்டமைப்பு ரீதியில் இந்த முடிவு நன்றாகவே முன்னாயத்தம் செய்யப்பட்டது. அற்புதம் நிகழ்வதும் குற்றமல்ல. அற்புதங்கள் நிகழும் கதைகளை உலகின் எல்லா மக்களும் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த அற்புதம் எதை அழிக்கிறது என்பதே எனது கேள்வி.

மேட்டுப் பாதையில் டொமோயா எடுக்கும் தீர்மானத்தை எடுத்துக்கொள்வோம். இழப்பு நிச்சயம் என்று தெரிந்தும், அவளைக் கூப்பிடுகிறான். இந்தச் சந்திப்பு எனக்குத் தந்த துயரத்தோடு சேர்த்தே இதை ஏற்கிறேன் என்பதுதான் அந்த அழைப்பின் பொருள். இதைவிடக் கனமான காதல் மொழி இந்த வகைப் படைப்புகளில் இல்லை என்பேன். கதை அந்த அழைப்போடு நின்றிருந்தால் அது மகத்தான முடிவாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த நிமிடமே அவனுக்குப் பரிசு கொடுக்கப்படுகிறது. துயரத்தை ஏற்றுக்கொண்டவனிடமிருந்து துயரம் பறிக்கப்படுகிறது. விலை கொடுக்கத் தயாராக நின்றவனிடம், விலையே இல்லை, சும்மா கொண்டு போ என்று சொல்லும்போது அவன் எடுத்த தீர்மானம் வெறும் சைகையாகிவிடுகிறது. எந்த டொகிமெகி மரத்தடியை விட்டு இந்தப் படைப்பு இவ்வளவு தூரம் நடந்து வந்ததோ, அதே மரத்தடிக்கு அது திரும்பிப் போய்விடுகிறது. சரியாக ஆடியவனுக்குப் பரிசு.

இன்னொன்று, பூ வெளியில் அழுத அந்தக் குழந்தை பற்றியது. புதிய வாழ்வில் பிறந்து தாயோடு வளரும் உஷியோ நிச்சயமாக மகிழ்ச்சியானவள். ஆனால் அவள் வேறொருத்தி. தகப்பன் வாங்கித் தந்த ஒற்றைப் பொம்மைக்காகப் பூக்களுக்கிடையில் தேடித் திரிந்தவள் இவளல்ல. நமக்கு அறிமுகமான, நாம் நேசித்த அந்தச் சிறுமி இந்த முடிவில் மீட்கப்படவில்லை. அவள் இருந்ததாகவே இல்லாமற் போகிறாள். மரணத்தை நீக்குவதாகச் சொல்லி ஒரு வாழ்வையே நீக்கியிருக்கிறார்கள். அவ்வாறே, தன் இழப்பின் வழியாகவே தந்தையின் இழப்பை விளங்கிக்கொண்டவன் டொமோயா. இழப்பே நிகழாத வாழ்வில் அந்த விளக்கம் அவனுக்கு எங்கிருந்து வரும்? கதை இக்கேள்விக்கு முகம் கொடுப்பதில்லை. காரணத்தை அழித்துவிட்டுப் பலனை மாத்திரம் அனுபவிக்கச் சொல்கிறது.

மூன்றாவது விடயம் விளையாட்டு என்ற வடிவத்தோடு தொடர்புடையது. நாவலில் கிளைக்கதை என்பது வாசகன் கடந்து செல்வது. இங்கே அது ஆடுபவன் சேகரிப்பது. கொடோமியின் கதையை உதாரணமாகக் கொள்வோம். ஆய்வாளர்களான அவளது பெற்றோர் விமான விபத்தில் இறந்துவிட்டார்கள். அவர்கள் கடைசி நேரத்தில் மகளுக்காகக் கரடிப் பொம்மை வைத்து மூடிய பயணப் பெட்டி, பல நாடுகளைச் சேர்ந்த முன்பின் அறியாத மனிதர்களின் கைகளில் மாறி மாறி, வருடங்கள் கழித்து அவளிடம் வந்து சேர்கிறது. ஃபூகோவின் கதை இன்னொன்று. நினைவிழந்து வைத்தியசாலையில் கிடக்கும் அந்தச் சிறுமியின் ஆவி, தன் அக்காவின் திருமணத்துக்கு வருமாறு மரத்தில் செதுக்கிய நட்சத்திர மீன்களைப் பாடசாலை மாணவர்களுக்குக் கொடுத்து அலைகிறாள். ஒவ்வொருவராக அவளை மறந்துபோகிறார்கள். ஆயினும் திருமண நாளன்று, ஏன் வந்தோமென்று தெரியாமலே அவர்கள் வந்து நிற்கிறார்கள்.

இந்த இரு கதைகளிலும் போனவர்கள் திரும்புவதில்லை. அந்தப் பெட்டி வந்ததால் கொடோமியின் தாய் தந்தையர் எழுந்து வரவில்லை. ஆனால் அவள் தேற்றப்படுகிறாள், நாமும் தேற்றப்படுகிறோம். இறந்தவரை எழுப்பாமலே ஆறுதல் கூறுவது எப்படி என்று இப்படைப்புக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு இவையே சாட்சி. தெரிந்திருந்தும் தன் மையக் கதையில் அதைச் செய்யத் துணியவில்லை என்பதுதான் என் மனக்குறை. அதைவிட மோசமாக, அந்தச் சிறு கதைகள் ஒவ்வொன்றும் ஓர் ஒளித்துளியாக மாற்றப்பட்டு, நாயகனின் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. நட்சத்திர மீன்களைச் செதுக்கிய கைகளின் வலி, கடைசியில் இன்னொருவர் வீட்டுச் சந்தோஷத்துக்குச் செலவழிக்கப்படும் நாணயமாகிறது. அவர்களது கதைகளை நான் முதலில் முடித்தபோது அவை அவர்களுடைய கதைகளாகவே இருந்தன. முடிவைக் கண்ட பிறகு அவை சேகரிப்புப் பட்டியலாகத் தெரிகின்றன. பின்னால் வரும் ஒரு முடிவு, முன்னால் நாம் வாசித்தவற்றின் பெறுமதியையும் மாற்றிவிடும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

இம்முடிவை ஆதரிப்போரின் வாதத்தையும் கவனத்திற் கொள்ள வேண்டும். ஒளிகள் பிறருடைய மகிழ்ச்சியிலிருந்து வருகின்றன, ஊரே ஒரு குடும்பம், டொமோயா பிறருக்குச் செய்த நன்மைகளை ஊர் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறது, தலைப்பின் பொருளும் அதுதானே என்பது அவர்கள் கட்சி. இது வலுவான வாதம். தனிமனிதக் காதலில் தொடங்கும் ஒரு வகைக்குள் நின்றுகொண்டு, ஊரும் சமூகமும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகின்றன என்று சொல்வது உயர்ந்த கருத்து. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் அவனைக் காப்பாற்றியது எப்போது? அவன் குடியில் விழுந்து கிடந்த ஐந்து வருடங்களில் அவன் பிள்ளையை வளர்த்த அகியோவும் சனாயேயும், அவனுக்குத் தொழில் பழக்கிய யோஷினோவும், பூ வெளியில் உண்மையைச் சொன்ன பாட்டியும்தான் அந்த ஊர். அவர்கள் அற்புதம் எதுவும் செய்யவில்லை. வேலை செய்தார்கள், சமைத்துப் போட்டார்கள், காத்திருந்தார்கள். இவர்களது பொறுமையை விடவும் ஒளித்துளிகளின் கூட்டு வலிமை பெரிது என்று முடிவு சொல்லும்போது, அது உயர்த்த விரும்பிய ஊரையே அது சிறுமைப்படுத்திவிடுகிறது.

இது வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம் என்பதற்கு வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. இதே கதையை ஒஸமு டெஸாகி 2007இல் திரைப்படமாக இயக்கினார். ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான படம் அது. கொடோமியும் ஃபூகோவும் அதில் பேசப்படவில்லை. ஊர் சுருங்கிவிட்டது, யோஷினோவின் கீழ் தொழில் பழகும் நாட்களின் நிதானமும் அதில் கிடையாது. படைப்பென்ற வகையில் அது மூலத்தை விடப் பலவீனமானது. ஆனால் அதில் நகிசா இறந்தவள் இறந்தவள்தான். துயரத்தில் மூழ்கிய டொமோயாவை நண்பர்கள் இழுத்துக்கொண்டு பயணம் போகிறார்கள். அவன் மகளைச் சந்தித்து அவளை ஏற்றுக்கொள்வதோடு படம் முடிந்துவிடுகிறது. 2007 முதல் 2009 வரை கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் தயாரித்து டட்சுயா இஷிஹாரா இயக்கிய தொலைக்காட்சித் தொடர் விளையாட்டின் முடிவையே பின்பற்றியது. பெரும்பாலான இரசிகர்கள் கொண்டாடுவது தொடரைத்தான். அவ்வாறு கொண்டாடத் தக்க பல சிறப்புகள் அதற்குண்டு. எனினும் முடிவைப் பொறுத்தவரை அந்தக் குறைபாடுள்ள திரைப்படமே கூடுதல் நேர்மை காட்டியது என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.

சோக முடிவுதான் உயர்ந்தது, மகிழ்ச்சியான முடிவு மலிவானது என்று நான் வாதிடுவதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உஷியோவின் மரணமே தேவையற்றது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. தாயை இழந்த வீட்டில் மகளையும் கொன்றது, பின்னால் வரப்போகும் அற்புதத்தின் தேவையை அதிகப்படுத்துவதற்காகத்தான். அளவு மீறிய துயரத்தைக் கொடுத்துவிட்டு, அளவு மீறிய மகிழ்ச்சியால் அதை ஈடுசெய்வது ஒரு வியாபார உத்தி. கண்ணீரை வரவழைப்பதில் இந்த நிறுவனத்தார் கெட்டிக்காரர்கள். ஆனால் பூ வெளியில் வரும் கண்ணீரும் பனிப் பாதையில் வரும் கண்ணீரும் ஒன்றல்ல. முதலாவது நம்மை விளங்கிக்கொள்ளச் செய்கிறது. இரண்டாவது நம்மைக் களைக்கச் செய்து, எந்த முடிவு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிலைக்குத் தள்ளுகிறது.

இதை ஒரு பொழுதுபோக்குச் சாதனத்தின் குறையென்று விட்டுவிடலாமே என்று கேட்கலாம். விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. இப்படைப்பை வாசிப்போரில் கணிசமானோர் இளைஞர்கள். தாயையோ தந்தையையோ இழந்தவர்கள் அவர்களுக்குள் இருப்பார்கள். மரணம் நுழையாத வீடென்று ஒன்று கிடையாது. அப்படியொருவர் டொமோயாவின் ஐந்து வருடங்களை வாசிக்கும்போது, தன் வீட்டில் எவரும் வாய் திறந்து பேசாத ஒன்றை இந்த விளையாட்டு பேசுகிறதே என்று நெருங்கி வருகிறார். பூ வெளிவரை அது அவரோடு கூடவே நடக்கிறது. அதன் பிறகு அவரை நடுவழியில் விட்டுவிட்டு, அவர் போக முடியாத ஓர் இடத்துக்கு அது ஏறிப் போய்விடுகிறது. அவருக்கு ஒளித்துளிகள் கிடைக்கப் போவதில்லை. அவரது மேட்டுப் பாதையில் எவரும் திரும்பி வந்து நிற்கப் போவதில்லை. இழப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும் ஒரு படைப்புக்கு, இழந்தவரோடு கடைசிவரை இருக்க வேண்டிய பொறுப்பு உண்டென்று நான் நம்புகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஜப்பானிய வெகுசனப் படைப்புகளை அலட்சியம் செய்யும் நண்பர்களுக்கு 'க்ளனாட்'டை நான் சிபாரிசு செய்யவே விரும்புகிறேன். காதலைச் சொல்வதோடு கதை முடிவதில்லை என்று தன் வகையின் இலக்கணத்தை மீறிச் சொன்ன படைப்பு அது. மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் கூலி நாளையும், மகனை மரியாதையாகப் பேசிக் கொல்லும் ஒரு தகப்பனையும், அழுவதற்கு இடம் தேடிய ஒரு குழந்தையையும் அது நமக்குத் தந்திருக்கிறது. அந்தக் குழந்தை அழுது முடிந்து, இரயில் பயணத்தில் தகப்பன் முதன்முறையாக அவளது தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். சொல்ல முடியாமல் அவனும் அழுகிறான். எனது வாசிப்பில் 'க்ளனாட்' அந்த இரயிலிலேயே முடிந்துவிட்டது.